யாருக்குச் சொந்தம் மொட்டைமாடி வெயில்?

வீட்டுக்கு வீடு தகடு பதிப்பதைத் தாண்டி, ஒரு குடியிருப்பே கூடி மின்சாரம் ஆக்கிப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெங்களூரு தயாராக இருக்கிறதா?

ஏப்ரல் மாதத்துக் கோடை மழை பெங்களூரில் பெரும்பாலும் மாலையில்தான் இறங்குகிறது. முதலில் புழுதிக்காற்று, அதைத் தொடர்ந்து இடி, அதற்குள் சாலையோரக் குல்மொஹர் மரத்தின் கிளையொன்று முறிந்து மின்கம்பியின் மேல் சாய, சர்ஜாபூர் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் அடுக்குமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருளில் மூழ்குகின்றன. ஆனால் பல வளாகங்களில் அந்த இருள் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. கீழ்த்தளத்தில் டீசல் ஜெனரேட்டர் உறுமி எழுகிறது. இடையில் நின்ற லிஃப்ட் நகர்கிறது. வாசலருகே உள்ள மீட்டரில் நகரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் யூனிட் நின்று, ஜெனரேட்டர் யூனிட் தனிக் கணக்காக ஓடத் தொடங்குகிறது. மாத முடிவில் அந்த யூனிட்டுகள் எந்த வீட்டில் எத்தனை என்று பிரிக்கப்பட்டு, 'மெயின்டனன்ஸ்' ரசீதில் ஏறிவிடுகின்றன. அதே கட்டடத்தின் மொட்டைமாடியோ காலை முதல் மழை வரும்வரை வெறுமனே வெயிலில் காய்ந்து கிடந்திருக்கும்.

இந்தக் காட்சி ஓர் உண்மையை எடுத்துக்காட்டுகிறது. ஒரே இடத்தில் மின்சாரம் ஆக்கி, பல வீடுகளுக்குக் கொடுத்து, யூனிட் கணக்கிட்டுச் செலவைப் பங்கிடும் பழக்கம் இந்நகரத்துக்குப் புதியதன்று. பகிரப்படும் மின்சாரம் விலையுயர்ந்ததாகவும் புகை கக்குவதாகவும் இருப்பதுதான் குறை. ஒரு லிட்டர் டீசலில் கிடைப்பது மூன்று முதல் நான்கு யூனிட் மட்டுமே என்பதால், எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இதே பங்கீட்டு முறையைச் சூரிய ஒளிக்கும், அதற்கு முன்பே வீட்டின் மின்தேவையைக் குறைக்கும் வடிவமைப்புக்கும் விரிவாக்க முடியுமா என்பதே இன்று குடியிருப்போர் சங்கங்களிலும் மின்வாரிய அலுவலகங்களிலும் எழுந்துள்ள கேள்வி.

சிவனசமுத்திரம் முதல் பாவகடா வரை

பெங்களூரு எப்போதும் தொலைவிலிருந்து வரும் மின்சாரத்தில் வாழ்ந்த நகரம். காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் 1902-ல் தொடங்கிய நீர்மின் நிலையம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியாக, தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயலுக்கே முதலில் மின்சாரம் அனுப்பியது. 1905-ல்தான் பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. பின்னர் ஷராவதியின் நீர்மின்சாரமும் ராய்ச்சூரின் நிலக்கரி மின்சாரமும் வந்து சேர்ந்தன. இந்த நூற்றாண்டில் தும்கூர் மாவட்டப் பாவகடாவில், வறட்சியில் வாடிய உழவர்களிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது. மூலம் தண்ணீரிலிருந்து நிலக்கரிக்கும், நிலக்கரியிலிருந்து சூரியனுக்கும் மாறியபோதும், ஆக்கும் இடத்துக்கும் செலவழிக்கும் இடத்துக்கும் இடையிலான தொலைவு மாறவில்லை.

அந்தத் தொலைவைக் குறைத்த முதல் பெருமுயற்சி சூரிய வெந்நீர்க் கருவி. புதிய வீடுகளுக்கு மின் இணைப்பு பெற அதைக் கட்டாயமாக்கிய விதியும், பொருத்தியவர்களுக்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம் மாதம் 50 ரூபாய் வரை பெஸ்காம் அளித்த தள்ளுபடியும் சேர்ந்து, நாட்டிலேயே இக்கருவி மிகப் பரவலாக உள்ள நகரங்களுள் ஒன்றாகப் பெங்களூரை ஆக்கின. விதியும் சிறு சலுகையும் கைகோத்தால் நகரத்தின் கூரை மாறும் என்பதற்கு இதுவே சான்று.

■ பெட்டிச் செய்தி: ஆண்டுகள் சொல்லும் கதை
• 1902 – சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம்.
• 1905 – பெங்களூரில் மின்விளக்கு.
• 1974 – இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டியின் முயற்சியில் 'அஸ்த்ரா' மையம். நிலைப்படுத்திய மண்கட்டி உள்ளிட்ட குறைந்த ஆற்றல் கட்டுமானப் பொருள்களின் ஆய்வு இங்கு வளர்ந்தது.
• 2013 – கூரைச் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு விலையைக் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்தது. பின்னர் இவ்விலை படிப்படியாகக் குறைக்கப்பட்டது.
• 2018 – பாவகடா பூங்காவின் முதல் கட்டம் தொடக்கம். வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வெளியீடு.
• 2024 – பிரதமர் சூர்ய கர் திட்டம். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் திருத்தம்.

தனி வீடு ஏன் சரியான அளவுகோல் அன்று

பெங்களூரு வெயிலில் ஒரு கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள், மழைக்கால மேகமூட்டத்தையும் கணக்கில் கொண்டால், நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தருகின்றன. அவற்றைப் பதிக்க ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியையும் எவரும் கணக்கிட்டுவிடலாம்.

நான்கு மாடிகளில் நூறு வீடுகளைக் கொண்ட ஒரு வளாகத்தை எடுத்துக்கொண்டால், பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, வெந்நீர்க் கருவிகள், நடைவழி ஆகியவற்றுக்குப் போக ஐயாயிரம் சதுர அடி மிஞ்சும். அதில் 50 கிலோவாட் பதித்தால் நாளுக்கு 200 யூனிட், அதாவது வீட்டுக்கு இரண்டு யூனிட் கிடைக்கும். இருபது மாடிக் கோபுரத்தில் நிலைமை வேறு. தளத்துக்கு நான்கு வீடுகள் வீதம் எண்பது குடும்பங்கள் வாழும் அக்கட்டடத்தின் கூரையில் மூவாயிரம் சதுர அடிதான் கிடைக்குமானால், வீட்டுக்கு ஒன்றரை யூனிட்டே மிஞ்சும். மாடிகள் உயர உயர அப்பங்கு மேலும் சுருங்கும். கோபுரத்துக்கு அருகிலேயே உள்ள அரசுப் பள்ளி, பேருந்துப் பணிமனை, சந்தைக் கட்டடம், கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்கோ அகன்ற கூரையும் குறைந்த மின்தேவையும் உண்டு. பள்ளிக்குக் கோடை விடுமுறையில் மின்சாரமே தேவைப்படாது. அந்த மாதங்களில்தான் வெயில் உச்சத்தில் இருக்கும்.

நேரக் கணக்கும் இதையே வலியுறுத்துகிறது. வேலைக்குச் சென்றவர்களின் வீடுகள் நண்பகலில் மின்சாரத்தை அதிகம் கேட்பதில்லை. அதே நேரத்தில் கடைகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் கேட்கின்றன. வீடும் கடையும் பள்ளியும் கலந்த ஒரு குடியிருப்பு ஒரே தொகுதியாகக் கணக்கிடப்பட்டால், ஒருவரின் உபரி மற்றவரின் தேவையை அங்கேயே நிறைவு செய்யும். எனவே ஆற்றல் திட்டமிடலுக்குப் பொருத்தமான அளவுகோல், ஒரே மின்மாற்றியில் இணைந்துள்ள தெருவோ வளாகமோ ஆகும்.

முதலில் சுவர், பிறகுதான் தகடு

பகிரவேண்டிய மின்சாரத்தின் அளவைத் தீர்மானிப்பது கட்டடத்தின் வடிவமைப்பு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இயல்பிலேயே இதமான காற்றைப் பெற்ற பெங்களூரு, 2016 ஏப்ரலில் 39.2 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 2024 ஏப்ரலில் 38.5 பாகையையும் கண்டது. மேற்கு வெயிலை நேராக வாங்கும் கண்ணாடிச் சுவர்களும் மரமில்லாத தெருக்களும் அந்த வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவர, குளிரூட்டி ஒரு காலத்தில் தேவைப்படாத நகரத்தில் அதன் தேவை ஏறிக்கொண்டிருக்கிறது.

மாற்று வழியை டோம்லூரில் உள்ள 'டெரி' எனும் ஆற்றல் ஆய்வு நிறுவனத்தின் கட்டடத்தில் காணலாம். கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹேயின் இந்த வடிவமைப்பு எதிர்கொண்ட சிக்கல் எளிதன்று: காற்று தெற்கிலிருந்து வீசுகிறது, ஆனால் தெற்கே நாற்றமெடுக்கும் சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. தெற்குச் சுவர் திறப்பில்லாத இரட்டைச் சுவராக எழுப்பப்பட்டு, அதில் கறுப்புக் கடப்பைக்கல் பதிக்கப்பட்டது. வெயிலில் கல் சூடாக, சுவர்களின் இடைவெளியில் உள்ள காற்று வெப்பமடைந்து மேலேறி வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் வெற்றிடத்தை நிரப்ப வடபுறத்திலிருந்து குளிர்ந்த தூய காற்று அறைகளின் ஊடாக இழுக்கப்படுகிறது. சூரிய வெப்பமே இங்கு விசிறியின் வேலையைச் செய்கிறது.

ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளிலும் செய்யக்கூடியவை உண்டு. பழைய மின்விசிறி 75 வாட் அளவில் இழுக்க, பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையற்ற மோட்டார் விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தருகிறது. மேற்சொன்ன நூறு வீட்டு வளாகத்தில் வீட்டுக்கு மூன்று விசிறிகள் மாற்றப்பட்டு அவை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால், மிச்சமாவது 100 யூனிட்டுக்கும் மேல். மொட்டைமாடி முழுதும் தகடு பதித்துப் பெறும் 200 யூனிட்டில் இது பாதிக்கு மேல். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சன்னல்களுக்கு வெளி மறைப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதிகளுக்கும் நீரேற்றும் மோட்டார்களுக்கும் தேவைக்கேற்ப வேகம் மாற்றும் கருவி ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

சிக்கன வடிவமைப்பையும் பொது வசதிப் பகிர்வையும் ஒருங்கே முயன்ற முன்னோடி ஒயிட்ஃபீல்டிலேயே இருக்கிறது. சந்திரசேகர் ஹரிஹரன் தலைமையில் பயோடைவர்சிட்டி கன்சர்வேஷன் இந்தியா நிறுவனம் 2000-களின் பிற்பாதியில் கட்டிய 'டி-ஸெட்' வளாகம், ஏறத்தாழ 95 வீடுகளுக்கு மண்கட்டிச் சுவர், பசுமைக் கூரை, மழைநீர்க் கிணறுகள், பொதுக் குளிர்விப்பு முறை ஆகியவற்றை வடிவமைப்பிலேயே சேர்த்தது. இவ்வகை முயற்சிகளுக்கு லண்டனின் தென்பகுதியில் 2002-ல் மக்கள் குடியேறத் தொடங்கிய 'பெட்ஸெட்' குடியிருப்பு ஒரு பாடம். அங்கு மரச்சில்லுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தர அமைத்த பொது நிலையம் நம்பகமாக இயங்காமல் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டு, எரிவாயுக் கொதிகலனுக்கு மாற நேர்ந்தது. ஆனால் தடித்த காப்புச் சுவர்களும் தெற்கு நோக்கிய சன்னல்களும் தம் வேலையை விடாமல் செய்துவந்தன. இயந்திரம் பழுதாகலாம், நல்ல சுவர் அவ்வாறு கைவிடுவதில்லை. பொது இயந்திரத்தைப் பேண நிலையான ஆளும் பணமும் வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது.

ஒரு நிலையம், பல மீட்டர்

அடுக்குமாடியில் உள்ள குடும்பம், தன் தலைக்கு மேல் இல்லாத தகட்டிலிருந்து எவ்வாறு பயன்பெறும்? தனியாகக் கம்பி இழுக்கத் தேவையில்லை. கணக்கு முறையை மாற்றினால் போதும். தகடு தரும் மின்சாரம் பொது மின்கட்டமைப்பில் கலந்துவிட, முன்பே ஒப்புக்கொண்ட விகிதத்தில் அந்த யூனிட்டுகள் ஒவ்வொரு வீட்டின் ரசீதிலும் கழிக்கப்படுகின்றன. தில்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது; கர்நாடக ஆணையம் 2025-ல் இவ்வழியைத் திறந்தது.

இக்கருத்தின் உயிர்ப்பைத் தமிழ்நாடு முன்பே கண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில், அதில் பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்றாலை நிற்பது ஊராட்சி எல்லைக்குள் அன்று. காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில். அங்கு ஆக்கிய மின்சாரம் வாரியத்துக்குச் செல்ல, ஊராட்சியின் தெருவிளக்கு, குடிநீர்ச் செலவுக்கு ஈடு போக மிச்சம் வருமானமாயிற்று. நகரத்தின் வசதியான சங்கங்களுக்கு முன்பே ஒரு கிராம ஊராட்சி பகிர்வு மின்சாரத்தை நடத்திக் காட்டியிருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: மூன்று கணக்கு முறைகள்
• நிகர அளவீடு: ஒரு வீட்டின் தகடு கட்டமைப்புக்கு அனுப்பிய யூனிட்டுகளை, அதே வீடு எடுத்த யூனிட்டுகளிலிருந்து கழிப்பது.
• குழு நிகர அளவீடு: ஒரே உரிமையாளருக்குப் பல இடங்களில் இணைப்புகள் இருந்தால், ஓரிடத்து உபரியை மற்ற இணைப்புகளில் கழிப்பது, பல பள்ளிகளை நடத்தும் மாநகராட்சிக்கு ஏற்றது.
• மெய்நிகர் நிகர அளவீடு: ஒரு பொது நிலையத்தின் யூனிட்டுகளை வெவ்வேறு நுகர்வோரின் ரசீதுகளில் விகிதப்படி கழிப்பது, அடுக்குமாடிக்கும் வாடகைதாரருக்கும் ஏற்றது.

மானியம்: பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய். குடியிருப்போர் சங்கத்தின் பொது வசதிகளுக்கு, மின்வாகன ஏற்றுமிடம் உட்பட, 500 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்; வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்பது உச்சவரம்பு.

யாருக்குப் பயன், யாருக்குச் சுமை

கணக்கு முறை கிடைத்துவிட்டதாலேயே நியாயம் கிடைத்துவிடாது. கர்நாடகத்தின் கிருஹஜோதி திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீடுகளுக்கு, அவற்றின் முந்தைய சராசரியை அடிப்படையாகக் கொண்டு, கட்டணத்தை நீக்கியது. ஏழைக் குடும்பத்துக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் ரசீதே வராத வீட்டுக்குச் சூரியத் தகட்டில் முதலீடு செய்யக் காரணம் இல்லை. 2024 ஏப்ரலில் அடுக்கு முறை நீங்கி வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 90 காசு என ஒரே விலையானபோது, அதிகம் செலவிடும் வீடுகளுக்கும் தகட்டின் முதல் திரும்பும் காலம் நீண்டது. ஆகவே பெங்களூரு வளாகங்களில் சூரிய மின்சாரத்தின் முதல் வாடிக்கையாளராக நிற்பது, எந்தச் சலுகையும் சேராத பொது மீட்டர்: லிஃப்ட், நடைவழி விளக்கு, நீரேற்றி, கழிவுநீர் நிலையம், மின்வாகன ஏற்றுமிடம்.

பெஸ்காமின் கவலையும் புறந்தள்ளத்தக்கதன்று. முழு விலை கொடுக்கும் நுகர்வோர் தம் மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டால், கம்பி, மின்மாற்றி, பணியாளர் ஆகியவற்றுக்கான மாறாச் செலவு எஞ்சியோர் மீது ஏறும். பத்துக் குதிரைத்திறன் வரையிலான பாசனப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் தரும் மாநிலத்தில் இந்தச் சமன்பாடு மேலும் நுண்மையானது. மாலையில் கட்டமைப்பைப் பயன்படுத்தும் வளாகம் அதற்குரிய நியாயமான கட்டணத்தைத் தருவதே முறை. மறுபுறம், உச்சநேரச் சுமையைத் தன் மின்கலத்தால் குறைத்துக்கொடுக்கும் வளாகத்துக்கு அதற்கான ஈட்டை வழங்குவதும் அதே அளவு முறையானது.

எல்லாவற்றினும் முக்கியமானது, கூரை இல்லாதவர்களின் நிலை. இருபதுக்கு முப்பது அடி மனைகளில் சுவரோடு சுவர் ஒட்டி எழுந்த ஸ்ரீராமபுரத்து வீடுகளிலும், தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அல்சூரின் சந்துகளிலும், ஒரு கட்டடத்திலேயே நான்கைந்து வாடகைக் குடும்பங்கள் வாழ, மொட்டைமாடி உரிமையாளர் ஒருவருக்கே சொந்தம். தனி வீட்டை அளவுகோலாகக் கொண்ட மானியம் இவர்களை எட்டாது. அந்தப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிக் கூரையில் அமைத்த நிலையத்தில் இவர்களுக்கு விகிதம் ஒதுக்கப்பட்டால் மட்டுமே, பகிர்வு என்ற கொள்கை தன் பொருளைப் பெறும். இல்லையேல் இது வசதியுள்ளோரின் செலவுச் சிக்கனமாக நின்றுவிடும்.

மின்வெட்டில் நின்றுபோகும் தகடு

கட்டமைப்போடு இணைந்த சாதாரணச் சூரியத் தகடு, மின்வெட்டு நேரும்போது பட்டப்பகலிலும் தானாக நின்றுவிடும் என்பது பலருக்குப் பொருத்திய பின்னரே தெரியவருகிறது. அறுந்த கம்பியைச் சரிசெய்யும் ஊழியர்மீது வீட்டிலிருந்து மின்சாரம் பாயாமல் காக்கும் ஏற்பாடு இது, விட்டுக்கொடுக்க முடியாதது. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமானால், கட்டமைப்பிலிருந்து பிரிந்து இயங்கும் இன்வெர்ட்டரும் மின்கலமும் தேவை.

பகிர்வின் பலன் இங்குதான் மிகுதி. நூறு வீடுகளும் ஒரே நொடியில் உச்ச அளவு மின்சாரத்தை இழுப்பதில்லை. ஒரு வீட்டில் மிக்சி ஓடும்போது மற்றொன்றில் சலவை இயந்திரம் நின்றிருக்கும். ஆதலால் நூறு தனி மின்கலங்களின் கூட்டுத் திறனைவிடச் சிறிய ஒரு பொது மின்கலமே எல்லோருக்கும் போதும். லிஃப்டையும் நீரேற்றியையும் வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு விசிறியையும் ஒரு மணி நேரம் தாங்கும் மின்கலம் இருந்தால், ஜெனரேட்டர் அரிதாக வரும் நீண்ட மின்வெட்டுக்கு மட்டும் எழுந்தால் போதும். அதன் தனிக் கணக்கு மீட்டரையே மின்கலத்துக்கும் பயன்படுத்தலாம்.

சங்கக் கூட்டத்தின் முன் உள்ள வேலை

1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப் பகுதியாகவே வரையறுக்கிறது. இருந்தும் மேல்தளத்து உரிமையாளருக்கு மொட்டைமாடியை எழுதிக்கொடுத்த பத்திரங்கள், வெந்நீர்க் கருவிக்கும் மின்தகட்டுக்கும் இடையிலான இடப்போட்டி, வீட்டை விற்றுச் செல்பவரின் முதலீட்டுப் பங்கு ஆகியவை சங்கங்களைப் பிளக்கக்கூடியவை. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வளாகம் முழுமைக்கும் ஒரே இணைப்பா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதைக் குடியிருப்போரே வெளிப்படையான வாக்கெடுப்பில் முடிவு செய்ய வகைசெய்கின்றன. பத்து கிலோவாட் வரையிலான கூரைத் தகடுகளுக்குத் தொழில்நுட்ப ஆய்வும் இனித் தேவையில்லை.

வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் தீர்க்கவேண்டியவை நான்கு: யூனிட் பங்கு பரப்பளவைப் பொறுத்ததா, முதலீட்டைப் பொறுத்ததா, எல்லோர்க்கும் சமமா; வாடகைதாரருக்கு அதில் எவ்வளவு; தகடு துடைக்கவும் பத்தாண்டுக்குள் இன்வெர்ட்டர் மாற்றவும் ஒதுக்கும் நிதி எவ்வளவு; வீடு கைமாறும்போது பங்கு எவ்வாறு கைமாறும். இவ்வகை ஒப்பந்தம் இந்நகரத்தில் நடைமுறை காணாததன்று. சர்ஜாபூர் சாலையின் ரெயின்போ டிரைவ் குடியிருப்பு, தனி ஆழ்துளைக் கிணறு தோண்டத் தடை விதித்து, அதிகம் செலவிடுவோருக்கு ஏறும் நீர்க்கட்டணம் வைத்து, மழைநீரை நிலத்துக்குத் திருப்பும் கிணறுகளை வெட்டி, நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாகப் பேணியது. நீருக்கு இயன்ற கட்டுப்பாடு வெயிலுக்கும் இயலும்.

சங்கங்களால் தனியே செய்ய முடியாததை அரசு செய்ய வேண்டும். 2031-க்கான பெருந்திட்ட வரைவு திரும்பப் பெறப்பட்டதால் நகரம் இன்னும் 2015-க்கான திட்டத்தின் கீழேயே வளர்கிறது. அத்திட்டம் இயற்றப்பட்டபோது கூரை மின்சாரம் கணக்கிலேயே இல்லை. பக்கத்து மனையில் எழும் கோபுரத்தின் நிழல் ஒரு தெருவின் தகடுகளை முடக்கினால் முறையிட இன்று தெளிவான விதி இல்லை. மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் 2025-ல் புதிய நிர்வாகம் அமைந்துள்ள இவ்வேளையில், கட்டட விதிகளில் வெயில் உரிமையும், புதிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு இடம் ஒதுக்குவதுபோல் பொது மின்கலத்துக்கும் மின்மாற்றிக்கும் இடமும், மாநகராட்சிப் பள்ளிக் கூரைகளில் வாடகைக் குடும்பங்களுக்கான பங்கும் எழுதப்பட வேண்டும். ஒருமுறை எழுந்த கோபுரம் ஐம்பது ஆண்டுகளுக்கு அசையாது. அதன் நிழலும் அசையாது. ஆகவே இவ்விதிகள் அடுத்த பெருந்திட்டத்துக்காகக் காத்திருக்கத் தக்கவை அல்ல. அவற்றின் இடம், இப்போது கட்டட அனுமதி பெறக் காத்திருக்கும் வரைபடங்களில்தான் உள்ளது.